சொல்லும் பொருளும்: 'அட்வைஸ்'



பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் நம் வீடுகளில் தாராளமாகக் கிடைப்பது அட்வைஸ்தான். மாமா ஒன்று சொல்வார், பெரியத்தா வேறொன்று சொல்வார். பிள்ளையோ "சும்மா அட்வைஸ் பண்ணாதீங்க" என்று எழுந்து போய்விடுவான். இந்தச் சொல்லின் பூர்விகத்தை அறிவது பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பயன் தரும்.

லத்தீனில் 'விஸும்' என்றால் 'பார்க்கப்பட்டது'. 'எனக்குத் தோன்றுகிறபடி' என்று சொல்வதற்கு, அந்த வேரிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் 'அவி' என்ற சொல்லை எடுத்தார்கள். பிரெஞ்சில் இன்றும் 'அவி' என்றால் கருத்து. அதன் வினைச்சொல் 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்துக்கு வந்தது. நடுவில் உள்ள 'டி' எழுத்து, லத்தீனைப் பார்த்துப் பிற்காலத்தில் சேர்த்தது. உம்ராவுக்கு வாங்கும் 'விசா', பள்ளியில் நடக்கும் 'ரிவிஷன்', மில்லில் இருக்கும் 'சூப்பர்வைசர்' எல்லாம் இதே குடும்பம். அனைத்துக்கும் அடிப்படை 'பார்த்தல்'.

ஆங்கிலத்தில் இந்த வினைக்கு முதலில் இருந்த பொருள் 'உற்றுப் பார், யோசி' என்பதே. 'பிறருக்கு யோசனை சொல்' என்பது பிறகு வந்தது. பார்ப்பது முதலில், சொல்வது பிறகு. சொல்லும்போதும் 'எனக்கு இப்படித் தோன்றுகிறது' என்ற பணிவு உண்டு.

மாணவர்கள் கவனிக்க: பெயர்ச்சொல்லின் கடைசியில் 'சி', 'இ' எழுத்துகள் வரும், வினைச்சொல்லில் 'எஸ்', 'இ' வரும், ஒலியும் 'இஸட்' போல இருக்கும். அறிவுரை என்ற பொருளில் பெயர்ச்சொல்லைப் பன்மையாக்கக் கூடாது. வங்கி அனுப்பும் 'பேமெண்ட் அட்வைஸ்' அறிவுரை அல்ல. பணம் செலுத்தப்பட்டதற்கான அறிவிப்பு.

நம் வீடுகளில் வழங்கும் அரபுச் சொற்கள் இரண்டு: நஸீஹத், மஷ்வரா. தேனிலிருந்து மெழுகை நீக்கித் தூய்மையாக்குவதை நஸீஹத்தின் வேர்ச்சொல்லால் அரபிகள் குறித்தார்கள். கூட்டிலிருந்து தேன் எடுப்பதை மஷ்வராவின் வேர்ச்சொல்லால் குறித்தார்கள். இரண்டிலும் தேன் இருக்கிறது. நாம் கொடுப்பதில் தேன் எவ்வளவு, கொடுக்கு எவ்வளவு?

இப்னு உமர் (ரலி) இளைஞராக இருந்தபோது கண்ட கனவை, அவருடைய சகோதரி ஹஃப்ஸா (ரலி) பெருமானாரிடம் (ஸல்) சொன்னார்கள். பெருமானார் முதலில் அவரை நல்ல மனிதர் என்று பாராட்டி, இரவிலும் தொழுதால் நன்றாயிருக்கும் என்றார்கள். அவ்வளவுதான். அதன்பின் இப்னு உமர் (ரலி) இரவில் குறைவாகவே உறங்கினார்கள் என்று ஹதீஸில் வருகிறது.

"காலேஜ் வேண்டாம், லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் போகிறேன்" என்று ஒரு பையன் சொன்னால், "நீ உருப்பட மாட்டாய்" என்பது அட்வைஸ் ஆகாது, அது தீர்ப்பு. முதலில் அவன் நிலையைப் பார்க்க வேண்டும். படிப்பில் பயமா? அத்தாவின் கடனா? பணம்தான் தடை என்றால், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்கள் உயர்கல்வியில் சேர்ந்தால், மாணவிக்குப் புதுமைப்பெண், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதைச் சொல்லுங்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையையும் விசாரியுங்கள். விண்ணப்பம் எழுத உடன் உட்காருங்கள்.

நாலு பேர் முன்னால் சொல்லாமல் தனியே அழைத்துச் சொல்லுங்கள். அவன் மனம் திறந்து சொன்னதை வெளியில் பேசாதீர்கள். ஆலோசனை கேட்கப்படுபவரிடம் அமானிதம் ஒப்படைக்கப்படுகிறது என்பது நபிமொழியின் கருத்து.

பார்த்துச் சொல்பவர்களாகவும், சொன்னதைக் கேட்டு நடப்பவர்களாகவும் அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக. ஆமீன்.