கேஸ் ஓவனா, கரண்ட் ஓவனா?

கேள்வி: என் கணவர் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை வேலை பார்க்கிறார். நான் சில வருஷமாகக் குக்கரில் உப்பு பரப்பி கேக் செய்கிறேன். தெருவில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் என்னிடம்தான் சொல்கிறார்கள். பிஸ்கட், பன் எல்லாம் செய்து விற்கலாமே என்ற எண்ணம் வந்திருக்கிறது. ஓவன் வாங்கக் கடைக்குப் போனால், அடுப்போடு சேர்ந்த கேஸ் ஓவனைக் காட்டி, "கரண்ட் பில் எகிறாது, கரண்ட் போனாலும் வேலை நிற்காது" என்கிறார்கள். என் தம்பி ஓ.டி.ஜி. என்ற மின் ஓவனை வாங்கச் சொல்கிறான். எங்களுடையது பழைய ஓட்டு வீடு. சாயங்காலமானால் வோல்டேஜும் குறைந்துவிடும். எதை வாங்குவது? வீட்டில் இருக்கும் பீங்கான் கிண்ணங்களை ஓவனுக்குள் வைக்கலாமா?

— ஒரு வாசகி, பெண்ணாடம்

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், சகோதரி. அடுப்பு கேஸிலேயே இருக்கட்டும். ஓவனை மின்சாரத்தில் வாங்குங்கள். ஆனால், ஓவனுக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன்னால் வீட்டு வயரிங்குக்கு எடுத்து வையுங்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அனலின் குணம்

பெரும்பாலானவர்கள் செலவில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டிய இடம் அனலின் குணம். உங்கள் கணவரைக் கேட்டால் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார். கேஸ் சூளையில் பர்னரின் தீயும் புகையும் சரக்குக்கு நடுவே புகுந்து போகின்றன. உள்ளே விடும் காற்றைக் குறைத்தால், செம்பு கலந்த மெருகு பச்சைக்குப் பதிலாகச் சிவப்பாக வரும். மின்சூளையில் தீ கிடையாது. கம்பிச் சுருள் சூடாகிறது, உள்ளே இருப்பது சாதாரணக் காற்று, அதனால் நிறம் மாறாமல் ஒரே மாதிரி வரும். அங்கே 1,200 டிகிரி, உங்கள் கேக்குக்கு 180 டிகிரி. அளவுதான் வேறு, அடிப்படை ஒன்றே.

சமையல் கேஸ் எரியும்போது வெப்பத்தோடு நீராவியும் உண்டாகிறது. 1 கிலோ கேஸ் எரிந்தால் சுமார் ஒன்றரை கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும். கேஸ் ஓவனில் இதில் ஒரு பகுதி பண்டம் இருக்கும் அறை வழியாகவே போகிறது. அதனால் அங்கே கிடைப்பது ஈர அனல். முழுக்கோழி வாட்டினால் சதை வறளாது. ரொட்டியின் மேல்தோல் சீக்கிரம் இறுகாததால் மாவு நன்றாக எழும்பும். பிஸ்கட்டுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. அதற்குள் இருக்கும் ஈரம் வெளியேறினால்தான் மொறுமொறுப்பு வரும். முந்திரி பிஸ்கட், நான்கட்டாய், ரஸ்க் ஆகியவற்றுக்கு மின் ஓவனின் வறண்ட அனல்தான் ஏற்றது. முந்திரி விளையும் சீமையில் இருந்துகொண்டு விற்பனைக்கு இறங்கும் உங்களுக்கு இது முக்கியம்.

அடுத்தது, அனல் எல்லாப் பக்கமும் சமமாகப் படுவது. வீட்டுக் கேஸ் ஓவனில் பர்னர் அடியில் இருக்கும். அதனால் கேக்கின் அடி கறுத்து, மேல்பக்கம் வெளுத்து நிற்பது அடிக்கடி நடக்கும். மேலே கிரில் இருக்கும் மாடல்களிலும் மேலும் கீழும் ஒரே நேரத்தில் எரியவிட முடிவதில்லை. சூட்டை 150 டிகிரிக்குக் கீழே நிலையாக வைத்திருப்பதும் கஷ்டம். ஓ.டி.ஜி.யில் மேல் கம்பி, கீழ்க் கம்பி, இரண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். விசிறி உள்ள மாடலில் இரண்டு தட்டு பிஸ்கட்டை ஒரே சமயத்தில் வைத்து எடுக்கலாம். நாட்டுச்சர்க்கரையோ வெல்லமோ சேர்த்த கேக் சீக்கிரம் கறுத்துவிடும். அதை 160 டிகிரியில் கொஞ்சம் நேரம் கூட்டி வைத்தால்தான் பக்குவமாக வரும். அந்த 160-ஐ நம்பிப் பிடித்து வைக்க மின் ஓவனே சுலபம்.

பாத்திரக் கடைகளில் அடுப்பின் மேல் ஏற்றும் வட்ட அலுமினிய ஓவன் கிடைக்கிறது. விலை குறைவு. ஆனால் சூட்டைக் கட்டுப்படுத்த அதில் ஒன்றுமில்லை. உங்கள் உப்புக் குக்கர் செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்யும். காசு கொடுத்து அதை வாங்க வேண்டாம்.

செலவுக் கணக்கு

வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ கேஸ். விலை 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோ 63 ரூபாய் சொச்சம். சின்ன பர்னர் ஒரு மணி நேரம் எரிந்தால் சுமாராக 100 முதல் 150 கிராம் போகும். ஆக, ஒரு கேக்குக்கு 6 முதல் 10 ரூபாய். அடுப்போடு வரும் பெரிய கேஸ் ஓவனுக்கு இதைவிடக் கூடும், ஏனென்றால் எரிந்த வாயுவை வெளியே விட்டே ஆக வேண்டும், அதோடு அனலும் போகிறது.

1,500 வாட்ஸ் ஓ.டி.ஜி. ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட் ஆகும் என்று பலர் பயப்படுகிறார்கள். சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் கம்பியை நிறுத்தி நிறுத்திப் போடுவதால் ஒரு யூனிட்டை ஒட்டித்தான் வரும். யூனிட் 5 ரூபாய் என்றால் ஒரு கேக்குக்கு 5 ரூபாய்.

ஆகவே ஒன்றிரண்டு கேக்குக்கு வித்தியாசம் சில ரூபாய்தான். கவனிக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதலில் ஒரு குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படி மாறிவிடும், கூடுதல் யூனிட்டின் விலையும் ஏறும். உங்கள் வீட்டுப் பழைய பில்களை எடுத்துப் பாருங்கள். 200, 250 என்று ஓடிக்கொண்டிருந்தால் தாராளமாக இடம் இருக்கிறது. 480-ல் நிற்கிறது என்றால், வாரம் நாலு நாள் ஓவன் போடுவது பில்லை நன்றாகவே உயர்த்தும். அப்போது கடைக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு.

வோல்டேஜும் மின்தடையும்

உங்கள் பயம் சரியானது. வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் கம்பியின் சூடு நிறையக் குறையும், ஏனென்றால் அது வோல்டேஜின் வர்க்கத்தோடு சேர்ந்து இறங்குகிறது. 230 வோல்ட் 200 ஆனால் வெப்பம் முக்கால் பங்குதான். 180 ஆகிவிட்டால் 60 சதவீதம். 1,500 வாட்ஸ் ஓவன் அப்போது சுமார் 900 வாட்ஸ் ஓவனாகிவிடுகிறது. பத்து நிமிடத்தில் ஏற வேண்டிய சூடு இருபது நிமிடமானாலும் ஏறாது. ரொட்டிக்கு வேண்டிய 220 டிகிரியை அது எட்டாமலே போகலாம்.

இதற்கு வழி இருக்கிறது. சாயங்காலத்தை விட்டுவிட்டுக் காலையிலோ முற்பகலிலோ போடுங்கள். 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே தட்டின் மேல் வைத்துவிடுங்கள். திருகில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், முள் 180-ஐத் தொட்ட பிறகு கேக்கை உள்ளே வையுங்கள். சூடு அங்கே வந்துவிட்டால், வர எவ்வளவு நேரம் பிடித்தது என்பது கேக்குக்குப் பொருட்டில்லை.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அன்றைக்கு ஆர்டர் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாதி வேகும்போது கரண்ட் போனால் ஓவன் கதவைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் சூட்டிலேயே பத்துப் பதினைந்து நிமிடம் வேகும். கரண்ட் அதற்குமேலும் வராவிட்டால் உங்கள் உப்புக் குக்கர் கை கொடுக்கும். அதைச் சூடாக்கி, கேக் டின்னை மாற்றிவிடுங்கள். கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல்தான் மூட வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓ.டி.ஜி.யைச் செருகவே கூடாது, அது தாங்காது.

ஓட்டு வீட்டின் வயரிங்

2,000 வாட்ஸ் ஓவன் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். மிக்சி போடும் 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் இதற்கு ஆகாது. 16 ஆம்பியர் பவர் பிளக், அதற்கென்று போர்டிலிருந்து தனி லைன், 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், சரியான எர்த், மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகிய எல்லாம் வேண்டும். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் செய்யுங்கள்.

பழைய வீடுகளில் பீங்கான் ஃபியூஸ் கட்டைதான் இருக்கும். ஓவன் போட்டதும் ஃபியூஸ் போகிறது என்று அதில் கம்பியை இரண்டாக, மூன்றாக முறுக்கிக் கட்டுவார்கள். பீங்கானுக்கு ஒன்றும் ஆகாது. சுவருக்குள்ளும் ஓட்டுக்குக் கீழே மரச்சட்டத்தின் மேலும் ஓடும் வயர்தான் உருகும். ஓட்டு வீட்டில் தீ பிடிப்பதற்கு அது ஒன்று போதும். தயவுசெய்து இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கேஸ் ஓவன்தான் என்று முடிவு செய்தால், தீ அணைந்ததும் கேஸைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு வால்வு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். ஓவன் கதவுக்குள் தேங்கிய கேஸில் தீக்குச்சி பற்றவைப்பது பேராபத்து. ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கசிவு வாசனை வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

பீங்கான் கிண்ணங்கள்

ஆயிரம் டிகிரிக்குமேல் வெந்து வந்த கிண்ணத்துக்கு 180 டிகிரி என்ன செய்யும் என்று தோன்றும். சூட்டின் அளவால் பீங்கான் உடைவதில்லை, சூடு சட்டென்று மாறுவதால்தான் உடைகிறது. சூளையில் சூட்டை மணிக்கணக்கில் மெல்ல மெல்ல ஏற்றி, அதைவிட மெதுவாக ஆறவிடுவதன் காரணமே அதுதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிண்ணத்தைக் கொதிக்கும் ஓவனில் வைத்தால் விரிசல் விடும். சூடான கிண்ணத்தை ஈரக் கல்மேடையில் வைத்தாலும் அதே கதிதான்.

ஆகவே ஓவனுக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட கிண்ணங்களை மட்டும் வையுங்கள். மெருகில் மயிரிழை விரிசல் இருந்தால் வேண்டாம். கிண்ணத்தைக் குளிர்ந்த ஓவனில் வைத்து, அதோடு சேர்த்துச் சூடேற்றுங்கள். வெளியே எடுத்ததும் காய்ந்த துணியின் மேலோ மரப்பலகையின் மேலோ வையுங்கள். அலங்காரத்துக்காகச் செய்த பொம்மை, ஜாடி, வண்ணத் தட்டு இவற்றில் உணவை வேகவைக்கக் கூடாது. அவற்றின் வண்ணத்திலும் மெருகிலும் ஈயம் போன்றவை இருக்கக்கூடும். எந்தச் சரக்கு உணவுக்கானது, எது அலமாரிக்கானது என்று உங்கள் கணவர் வேலை செய்யும் இடத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வாங்கும்போது

25 முதல் 30 லிட்டர் வரை உள்ள ஓ.டி.ஜி. போதும். அதைவிடச் சிறியதில் கம்பி டின்னுக்கு மிக அருகில் வந்து மேல்பக்கம் கருகும். கடைக்குப் போகும்போது உங்கள் எட்டு அங்குல டின்னைக் கையோடு எடுத்துப் போய் உள்ளே வைத்துப் பாருங்கள். சுற்றிலும் இரண்டு விரல் அளவாவது இடம் வேண்டும். மேல், கீழ்க் கம்பிகளைத் தனித்தனியாகப் போடும் வசதி, விசிறி, ஐ.எஸ்.ஐ. முத்திரை, விருத்தாசலத்திலோ கடலூரிலோ சர்வீஸ் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். எடை குறைந்த, கதவு இறுக மூடாத ஓவனை விலைக்காக வாங்காதீர்கள்.

விற்பனை என்று இறங்கினால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். வீட்டு உபயோக சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை, அதற்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான். கேஸ் ஓவன் மலிவு என்ற கணக்கு இங்கேயே அடிபட்டுப் போகிறது. மின்சாரத்துக்கும் எந்தக் கட்டணப் பிரிவு என்று உங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.

முதலில் வயரிங், பிறகு ஓவன், அதோடு தெர்மாமீட்டர் என்ற வரிசையிலேயே செலவு செய்யுங்கள். ஓவன் வந்ததும் ஒரே ஒரு கேக்கை எடுத்துக்கொண்டு, எந்தத் தட்டு, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று நோட்டில் எழுதி எழுதிச் செய்து பாருங்கள். ஒவ்வொரு ஓவனுக்கும் ஒரு சூடான மூலை உண்டு, அது உங்களுக்குப் பிடிபட வேண்டும். உப்பின் சூட்டைக் கண்ணால் அளந்து கேக் செய்து பழகிய கை உங்களுடையது. சூட்டைச் சொன்னபடி பிடித்து வைக்கும் ஓவனும் கிடைத்துவிட்டால் வியாபாரத்துக்குத் தயங்க வேண்டியதில்லை. தைரியமாக ஆர்டர் எடுங்கள்.