சிப்புக்குள் ஏறும் மின்னழுத்தம்

கேள்வி: அனல்மின் நிலையத்தில் மின்னழுத்தத்தை உயர்த்துவது டிரான்ஸ்ஃபார்மர். சிப்புக்குள் அந்த வேலையைச் செய்வது எது? அதற்குக் காப்புரிமை கிடைக்குமா?
– கல்லூரி மாணவி, நெய்வேலி

பதில்: கெபாசிட்டர்களும் சுவிட்சுகளும்தான். ஒரு கெபாசிட்டரை 3 வோல்ட்டுக்குச் சார்ஜ் செய்து, அதன் அடிமுனையை 3 வோல்ட்டுக்கு உயர்த்தினால், மேல்முனை 6 வோல்ட்டை நெருங்கும். இதை அடுக்கடுக்காகச் செய்வதே ‘சார்ஜ் பம்ப்’. ஜான் டிக்சன் 1976-இல் வெளியிட்ட மின்சுற்று இதில் முன்னோடி. பென்டிரைவில் தகவலை எழுதத் தேவையான உயர் மின்னழுத்தம் இப்படித்தான் கிடைக்கிறது.

புதுமையான மின்சுற்றுக்கு இந்தியாவில் 20 ஆண்டு காப்புரிமை பெறலாம். சிப்பின் தளவமைப்புக்குக் காப்புரிமை கிடையாது. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியே பதிவு செய்தால் 10 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. புதிதாக ஒன்றை வடிவமைத்தால், கருத்தரங்கில் சொல்வதற்கு முன்பே சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.