திருக்கடையூரோடு திரும்பிவிடாதீர்கள்

எங்கள் மருங்காபுரிப் பக்கம் அறுபதாம் கல்யாணம் என்றால் வேன் பிடித்துத் திருக்கடையூர் போவது வழக்கம். அபிராமியைக் கும்பிட்டு, பந்தி முடிந்ததும் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். அங்கிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது தரங்கம்பாடி. குளமும் கண்மாயும் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்தக் கடலைக் காட்டாமல் வருவது எனக்கு மனசே ஆறாத விஷயம்.

ரயிலில் போகிறவர்கள் திருச்சியிலிருந்து மயிலாடுதுறை போய், பொறையார் பஸ் ஏறினால் போதும். முடிந்தால் முதல் நாள் இரவே தங்கிவிடுங்கள். விடியற்காலை வெளிச்சம்தான் அந்த ஊருக்கு அழகு. பத்து மணிக்கு மேல் மணல் கொதிக்கும், ஒதுங்க நிழல் கிடையாது.

எல்லோரும் நேராகக் கோட்டைக்குத்தான் ஓடுவார்கள். நான் முதலில் மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போகச் சொல்வேன். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில் அது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய பழைய கற்களை உப்புக்காற்று அரித்து, விளிம்பெல்லாம் மழுங்கிக் கிடக்கிறது. கையால் தடவிப் பார்த்தால் கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்பது புரியும்.

பிறகு டான்ஸ்போர்க் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620-ல் டென்மார்க்காரர்கள் கட்டத் தொடங்கியது. கிடங்காகவும் சிறையாகவும் இருந்த கீழ் அறைகளை அவசரப்படாமல் பாருங்கள். உள்ளே அருங்காட்சியகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை. 1845-ல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுத்தான் டென்மார்க்காரர்கள் போனார்கள்.

ராஜ வீதியில் நடந்தே போங்கள், வண்டி வேண்டாம். 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் டேனிஷ் அரசரின் கிரீடச் சின்னம் இன்னும் இருக்கிறது. 1706-ல் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு உள்ளேதான் அடக்கமாகியிருக்கிறார். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தவர். 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளை இந்த இடத்துக்குக் கட்டாயம் கூட்டிப் போக வேண்டும்.

குளிக்கிற ஆசை வரும். வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் மக்களைப் பறிகொடுத்த கரை அது. அலை சாதுவாகத் தெரிந்தாலும், கரையில் வலை பிரிக்கும் மீனவர்களைக் கேட்காமல் கணுக்காலுக்கு மேல் இறங்காதீர்கள். குழந்தை கையைப் பிடித்திருப்பவர் போனை இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும்.