பள்ளியின் தேவைப் பட்டியல்

நலிந்த பள்ளியொன்றைச் சீர்செய்யப் புகுவோர் முதற்கண் செய்யத்தக்கது யாது? பணம் திரட்டுவதே என்பர் பலர். பணம் வேண்டியதே, ஆயினும் அதற்கு முன்னர் ஆசிரியரும் பெற்றோரும் ஒருங்கமர்ந்து, அப்பள்ளிக்குக் குறைவன யாவை என்று எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.

இதற்குச் சான்று நம் மாநிலத்திலேயே உண்டு. காமராசர் முதலமைச்சராய் இருந்த காலத்தில், பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு இயக்கம், 1958-ஆம் ஆண்டு அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் தொடங்கிற்று. அதற்கு ஈராண்டு முன்னரே, 1956-இல், ஊராரின் கொடையைக் கொண்டு பள்ளிகளில் பகலுணவு தொடங்கியிருந்தமையால், பள்ளி நம்முடையது என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றத் தொடங்கியிருந்தது. இயக்கத்தின் முறை எளியது. பள்ளிதோறும் தேவைகள் பட்டியலாக எழுதப்பெற்றன. ஊரார் அவற்றைத் தம்மால் இயன்ற அளவு ஏற்றுக்கொண்டனர். “பள்ளிக்கு உதவுங்கள்” என்று பொதுப்படச் சொன்னால் அது எவர் கடமையும் ஆகாது. “கரும்பலகை இரண்டு, குடிநீர்ப் பானை மூன்று” என்று சொன்னாலோ தச்சரும் குயவரும் உடனே முன்வருவர்.

எனினும் ஒன்றை மறைத்தல் தகாது. செல்வர் வாழும் ஊரில் பட்டியல் விரைவில் நிறைவேறும். கூலி வேலை செய்வோர் மிக்க சேரியிலும் குடியிருப்பிலும் அது தேங்கி நிற்கும். ஆதலின் பட்டியலை இரு பத்திகளாக வகுத்தல் நன்று: ஊரார் செய்யக்கூடியவை ஒருபுறம், அரசு செய்தே தீரவேண்டியவை மறுபுறம். ஆசிரியர் பணியிடத்தை நிரப்பும் சுமையை ஏழைப் பெற்றோர் தலைமேல் ஏற்றுவது நேர்மையாகாது.

பட்டியலில் இடம்பெறாது போகும் பெருங்குறை ஒன்றுண்டு. அது மாணவர் வருகை. அறுவடைக் காலத்திலும் செங்கற்சூளை வேலைக்காகக் குடும்பங்கள் வெளியூர் செல்லும் காலத்திலும் பிள்ளைகள் வகுப்பிற்கு வருவதில்லை. பிள்ளை வராத நாள் ஆசிரியரின் பதிவேட்டில் இருக்கிறது. காரணமோ தாயின் நெஞ்சில் இருக்கிறது. இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்தாலன்றி மருந்து கிடையாது. பிள்ளை தவறு செய்த நாளில் மட்டும் அழைக்கப்பெறும் தாய், பள்ளி வாயிலைக் கண்டு அஞ்சுவாளேயன்றி மனந்திறந்து பேசாள்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டும் பொறுப்பையும் அக்குழுவிற்கே தருகிறது. பழைய தேவைப் பட்டியலே சட்ட வடிவம் பெற்றது எனலாம். ஆனால் முற்பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால், நாட்கூலி பெறும் தாய் ஒருநாட் கூலியை இழந்தன்றோ வருதல் வேண்டும்? வாராதவரைக் குறைகூறுவதினும், மாலையில் விளக்கேற்றிய பின்னர்க் கூடுவது எளிது. வந்தவரிடம் கையொப்பம் மட்டும் பெற்றுக்கொண்டு அனுப்புதலும் கூடாது. எழுத்தறியாதாரும் அங்கே இருப்பர். எனவே சென்ற கூட்டத்துப் பட்டியலைத் தலைமையாசிரியர் உரக்கப் படித்து, முடிந்தது எது, முடியாதது எது, யாரால் நின்றது என்று சொல்லிய பின்னரே புதியதை எழுதத் தொடங்கலாம்.