ஏசி கடைக்குப் போகும் முன் மொட்டைமாடிக்கு ஏறு!

பங்குனி பிறந்தால் போதும், நம்ம ஊரில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு: "இந்த வருஷம் ஏசி வாங்கியே ஆகணும்." வாங்கு தங்கச்சி, நான் தடுக்கவில்லை. ஆனால் கூரை அனலைக் கொட்டிக்கொண்டிருக்கும் அறையில் ஏசியை மாட்டினால், அது ராத்திரி முழுக்க கூரையோடு மல்லுக்கட்டும். அந்தச் சண்டைக்கான செலவு உன் கரண்ட் பில்லில் வரும்.

திருவண்ணாமலை அக்னித் தலம். மலையும் பாறை, அடிவாரத்தில் நாம் கட்டுவதும் கான்கிரீட். பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இருட்டிய பிறகு திருப்பிக் கொடுப்பதில் இரண்டும் ஒரே ஜாதி. மலையை ஒன்றும் செய்ய முடியாது. உன் கூரையைச் செய்யலாம். உனக்கு நேரம் இல்லையென்று தெரியும், அதனால் வரிசையாகச் சொல்கிறேன். வரிசையை மட்டும் மாற்றாதே.

1. முதல் காசு மொட்டைமாடிக்கு

உச்சி வெயிலில் தளத்தில் வெறுங்காலை வைத்துப் பார். அந்தச் சூடு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கி, நீ சாப்பிட்டுப் பாய் விரிக்கிற நேரத்துக்குத்தான் அறைக்குள் வந்து சேர்கிறது. ராத்திரி பத்து மணிக்கு ஃபேன் அனல் காற்றைத் தள்ளுவதற்குக் காரணம் இதுதான். ஃபேனைத் திட்டாதே, பாவம்.

- வெள்ளையடி. கையில் காசு இருந்தால் கூல் ரூஃப் பெயிண்ட், இல்லையென்றால் சுண்ணாம்பு இரண்டு கோட். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். சுண்ணாம்பு ஒரு மழைக்காலத்தோடு கரைந்துவிடும், வருஷா வருஷம் அடிக்கணும். பெயிண்ட் சில வருஷம் தாங்கும்.
- அடிப்பதற்கு முன் பாசியைச் சுரண்டு, விரிசலை அடை. அழுக்கின் மேலேயே அடித்துவிட்டு "உரிந்து போச்சு" என்று பெயிண்ட் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதே.
- மாசியில் அடி. அக்னி நட்சத்திரம் தொடங்கிய பிறகு மே மாதம் ஆள் தேடினால் கிடைக்கமாட்டார்கள். ஐப்பசியில் அடித்தால் மழை கொண்டுபோய்விடும்.
- அடித்தால் முடிந்ததா? மேலே தூசி படிந்து பழுப்பானால் பலனும் பாதியாகும். கோடையில் அவ்வப்போது கூட்டிவிடு.
- புது வீடு கட்டுகிறாயா? செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளம் போட்டு, மேலே தட்டோடு பதிக்கச் சொல். மேஸ்திரி "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா" என்பார். அந்த அப்புறம் எந்த வீட்டுக்கும் வந்ததில்லை.
- உள்பக்கம் தெர்மோகோல் ஒட்டி ஃபால்ஸ் சீலிங் போடாதே. கூரை சூடாவது அப்படியே இருக்கும், மேலே எலி குடித்தனம் நடத்தும், ஒயர் கருகினால் தெர்மோகோல் தீப்பிடிக்கும். சூட்டை மேலேயே தடுப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.
- கீற்றுக் கொட்டகை அருமையான குளிர்ச்சி, மறுக்கவில்லை. ஆனால் தீபாவளி ராக்கெட்டை நினைத்துக்கொள். குரங்கும் பிய்க்கும். பச்சை வலை கட்டுவது சுலபம்.
- தினமும் தளத்தில் தண்ணீர் ஊற்றுவது வேண்டாம். கோடையில் குடிக்கவே லாரியை எதிர்பார்க்கிற தெருக்கள் இருக்கின்றன.

2. குரங்குக்குப் பயந்து காற்றை விரட்டாதே

மலையடிவாரத்துத் தெருக்களில் இதுதான் பெரிய கோளாறு. குரங்கு வருகிறது என்று ஜன்னலைப் பகலில் சாத்துகிறீர்கள், கொசு வருகிறது என்று ராத்திரியும் சாத்துகிறீர்கள். அப்புறம் "புழுக்கம்" என்று ஏசி கடைக்குக் கிளம்புகிறீர்கள். ஜன்னலுக்கு வெளியே கெட்டியான இரும்பு வலை, உள்ளே கொசுவலை. ஒரு தடவை செலவு, அதோடு முடிந்தது.

வெக்கையும் புழுக்கமும் சேர்ந்த ஊர்களில், திறக்கக்கூடிய ஜன்னல், கதவின் பரப்பு வீட்டுத் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்கணும் என்கிறது, மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. 2018-இல் வீடுகளுக்கென்று கொண்டுவந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா. இரண்டு கதவுள்ள நகர்த்தும் ஜன்னல் வைத்திருந்தால் கவனி: எவ்வளவு பெரிதாக வைத்தாலும் பாதிதான் திறக்கும்.

- ஒரே சுவரில் இரண்டு ஜன்னல் இருந்து பயனில்லை. காற்று ஒரு சுவர் வழியே நுழைந்து இன்னொன்று வழியே வெளியேறணும்.
- கோடையில் காலை ஒன்பதரைக்குச் சாத்து, வெயில் தாழ்ந்ததும் திற, ராத்திரி முழுக்கத் திறந்து வை. மத்தியானம் திறந்து வைத்தால் வெளியே இருக்கும் அனலை நீயே வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறாய்.
- மேலே இருக்கும் வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைக்காதே. சூடான காற்று மேலே ஏறும், அதற்கு ஒரு வழி வேண்டும்.

3. மேற்குச் சுவர்

மத்தியானத்துக்கு மேல் வெயில் வாங்கும் ஜன்னலுக்கு உள்ளே திரை போட்டால் போதாது. கண்ணாடியைத் தாண்டிய வெயில் வீட்டுக்குள் வந்தது வந்ததுதான். வெளியே மூங்கில் தட்டி கட்டு, அல்லது பந்தல் போட்டுக் கொடி ஏற்று. வாடகை வீடா? தட்டியையும் பச்சை வலையையும் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

4. ஃபேனை மாற்று

பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 30 வாட் போதும். தினம் 15 மணி நேரம் ஓடினால், ஒரு ஃபேனில் மட்டும் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம். மூன்று ஃபேன் என்றால் 120. கணக்குப் பார்க்கச் சோம்பல்படாதே. 2022-இல் மாற்றிய மின்கட்டண முறையில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரைக்கான மலிவு விலையே போய்விடும். கூடுதலாக ஓடிய யூனிட்டுக்கு மட்டும்தான் விலை ஏறும் என்று நினைத்துக்கொண்டு பலபேர் ஏமாறுகிறார்கள்.

5. அப்படியும் ஏசி வேண்டுமென்றால்

இப்போதுதான் இடுக்கு அடைக்கும் வேலை. வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து வீடு முழுக்க அடைக்கக் கிளம்பாதே. அங்கே பனியில் உள்ளே இருக்கும் சூட்டைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். நமக்கு ஏசி ஓடும் ஒரு அறையை அடைத்தால் போதும்.

- கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை. அதுவரைக்கும் பழைய புடவையைச் சுருட்டி வை. ஜன்னல் ஓரத்துக்கு ஒட்டும் ஃபோம் பட்டை.
- அடைத்த அறையில் நான்கு பேர் படுத்தால் காலையில் தலை பாரமாக இருக்கும். படுக்கும் முன்பும் எழுந்த பிறகும் கதவு, ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து விடு.
- 18-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது பொய். சாதாரண ஏசியில் குளிரும் வேகம் ஒன்றுதான், நிற்காமல் ஓடும், அவ்வளவே. 2020 ஜனவரியிலிருந்து புது ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்கணும் என்று விதி. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் ஆறு சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது பி.இ.இ. கணக்கு. 26-இல் வைத்து ஃபேனை மெதுவாகச் சுற்றவிடு.
- ஸ்டார் லேபிளில் வருஷத்தைப் பார். அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள். பழைய சரக்கின் ஐந்து ஸ்டார் இன்றைக்கு நான்காகக்கூட இருக்கலாம்.
- கிரிவலப் பாதைப் பக்கம் வீடு என்றால் பௌர்ணமி தோறும் வண்டியும் புழுதியும்தான். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவு.

6. சோலார் தகடு

2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். திட்டத்தின் இணையதளத்தில் பதிவான நிறுவனத்திடம் மட்டும் போ. தகடு கூரைக்கு நிழலும் கொடுக்கும். ஆனால் மேலே சொன்னதையெல்லாம் முடித்துவிட்டு வாங்கினால் சின்னதே போதும்.

7. வெந்நீர்

கார்த்திகை தீபத்திலிருந்து தை வரைக்கும்தான் நமக்குக் குளிர். சித்திரையில் கறுப்புத் தொட்டித் தண்ணீரே கையைச் சுடும், அதற்கு நிழல் கட்டு. அந்தத் தொட்டியையே மார்கழியில் வெயிலில் விட்டு, சாயங்காலம் குளித்தால் கீசர் தேவையே இல்லை.

- கீசரை 50 டிகிரிக்குக் குறைத்து வை. குளிப்பதற்குக் கால் மணி நேரம் முன் போட்டு, குளிக்கப் போகும்போது அணை. நாள் முழுக்க எரியவிடுவது வீண்.
- போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கம்பியில் உப்புப் படிந்து, சூடேற நேரமாகும். வருஷம் ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்.
- வாட்டர் ஹீட்டர் கம்பியை வாளியில் போட்டுவிட்டு "சூடாச்சா" என்று விரலை விட்டுப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் வாளியைத் தொடணும். குழந்தை இருக்கும் வீட்டில் அந்தக் கம்பியே வேண்டாம்.
- குளிருக்கு அடைத்த அறையில் கரி அடுப்பு மூட்டாதே.
- கடைசியாகச் சொன்னாலும் எல்லாவற்றையும் விட முக்கியம் இது. கேஸ் கீசர் குளியலறைக்குள் இருக்கவே கூடாது. அது எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரலாம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கதவைச் சாத்திக் குளிப்பவர் மயங்கி விழும் வரை வெளியே யாருக்கும் தெரியாது. உன் வீட்டில் உள்ளே மாட்டியிருந்தால், இன்றைக்கே ஆளைக் கூப்பிட்டு வெளிச்சுவருக்கு மாற்று.