லாங்கே குன்றுகளின் ஒயின்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இத்தாலியின் வடமேற்கே, பியட்மாண்ட் மாநிலத்தில், ஆல்பா என்ற சிறு நகரத்தைச் சுற்றி லாங்கே குன்றுகள் இருக்கின்றன. பரோலோ, பார்பரெஸ்கோ என்ற புகழ்பெற்ற ஒயின்கள் இங்கேதான் பிறக்கின்றன. சுற்றுலாப் பிரசுரங்களில் இந்த ஊர்களைப் பற்றி எப்போதும் ஒரே கதைதான்: காலங்காலமாகச் செழித்த பூமி, பிரபுக்கள் வளர்த்த ஒயின், கோட்டைகள், மூடுபனி. கோட்டையும் மூடுபனியும் உண்மை. மற்றவற்றைத் திருத்தியே ஆகவேண்டும். அந்தக் கதையில் அங்கே பாடுபட்டவர்கள் யாருமே இல்லை.

முதலில், ‘காலங்காலமாக வளமான பூமி’ என்ற நம்பிக்கை. இரண்டாம் உலகப் போர் முடிந்து வெகுகாலம் வரை லாங்கே வறுமைக்குப் பேர்போன சீமை. ஆல்பாவில் பிறந்த பெப்பே ஃபெனோலியோ 1954-ல் எழுதிய ‘லா மலோரா’ நாவலில், வீட்டு வறுமை தாங்காமல் ஒரு குடும்பம் மகனை இன்னொருவர் நிலத்துக்குப் பண்ணையாளாக அனுப்பிவிடுகிறது. அது கற்பனைக்காக இட்டுக்கட்டிய துயரம் அல்ல. அந்தக் குன்றுகளில் பல வீடுகளில் நடந்ததுதான். திராட்சை விளைவித்தவர்களில் பெரும்பாலோர் ஒயின் தயாரித்து விற்றதும் கிடையாது. அறுவடையானதும் பழத்தை விற்றுவிட வேண்டும். பறித்த பழம் காத்திருக்காது என்பது வாங்குபவருக்கும் தெரியும். விலை எப்படிப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த நிலையை மாற்றியவர்களில் ஒருவர் கிராமத்துப் பாதிரியார். 1958-ல் பார்பரெஸ்கோ ஊரில் அவர் முன்கை எடுத்து 19 விவசாயிகளைக் கூட்டுறவாகச் சேர்த்தார். ஒயின் தயாரிக்க இடம் இல்லை. தேவாலயத்தின் அடித்தளத்திலேயே முதல் மூன்று வருட ஒயினையும் வடித்தார்கள். இன்றும் அந்தக் கூட்டுறவு நடக்கிறது, அதன் ஒயினுக்கு உலகெங்கும் மதிப்பு இருக்கிறது.

குன்றுகளைக் காலியாகாமல் காத்த இன்னொன்று திராட்சையே அல்ல, ஹேசல்நட் கொட்டை. 1946-ல் ஆல்பாவில் தொடங்கிய ஃபெரேரோ நிறுவனம், போருக்குப் பின் கோகோ கிடைப்பது அரிதாக இருந்ததால் உள்ளூர்க் கொட்டையைச் சேர்த்து இனிப்பு செய்தது. 1964-ல் அது நுட்டெல்லா ஆயிற்று. நிறுவனம் மலைக் கிராமங்களுக்கே பேருந்து அனுப்பி ஆட்களை அழைத்துப்போனது. ஆலையில் சம்பளம், வீட்டில் நிலம் என்று இரண்டையும் வைத்துக்கொள்ள முடிந்ததால் பல குடும்பங்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. 2014-ல் யுனெஸ்கோ இந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது இயற்கை அழகுக்காக அல்ல, மனிதர் உருவாக்கிய பண்பாட்டு நிலப்பரப்பு என்ற வகையில்தான்.

அந்த உருவாக்கத்துக்குப் பின்னால் நுட்பமான மண்ணறிவு இருக்கிறது. சுண்ணாம்பு கலந்த நீலச்சாம்பல் நிறக் களிமண். காய்ந்தால் செதில் செதிலாக உதிரும், நனைந்தால் செருப்பை விடாது. குளிர்காலத்தில் எந்தச் சரிவில் பனி முதலில் உருகுகிறது என்று விவசாயிகள் பார்த்து வைத்திருப்பார்கள். வெயில் அதிகம் விழும் அந்தத் தெற்குச் சரிவு நெபியோலோ திராட்சைக்கு. கொஞ்சம் சுமாரான இடம் பார்பெராவுக்கு, குளிர்ச்சியானது டோல்செட்டோவுக்கு. வடக்குச் சரிவில் ஹேசல்நட்டும் காடும். பரோலோ, பார்பரெஸ்கோ இரண்டுக்குமே நெபியோலோ ஒன்றுதான் திராட்சை.

‘இனிப்பாக இருந்த பரோலோவை இன்றைய ஒயினாக மாற்றியது லூயி ஊடார் என்ற பிரெஞ்சுக்காரர்’ என்பது புத்தகங்களிலேயே ஏறிவிட்ட கதை. நெபியோலோ பழுக்கும்போது அக்டோபர் ஆகிவிடும். நிலவறைக் குளிரில் நொதித்தல் பாதியில் நின்று, சர்க்கரை மிஞ்சி, ஒயின் தித்திப்பாக நுரைத்தது. அதுவரை கதை சரி. ஆனால் ஊடார் ஜெனோவாவில் இருந்த ஒயின் வியாபாரி. சர்க்கரை முழுவதும் நொதித்துத் தீரும்படி ஒயின் செய்யும் முறையை விளக்கி 1835-லேயே கையேடு வெளியிட்டவர் பாவ்லோ ஃபிரான்செஸ்கோ ஸ்டால்யெனோ என்ற இத்தாலிய ராணுவ அதிகாரி. பின்னாளில் இத்தாலியின் முதல் பிரதமரான காவூர், தன் கிரின்சானே தோட்டத்து ஒயினைச் சீர்படுத்த அழைத்ததும் அவரைத்தான். ஆவணங்களைத் தேடிப் பார்த்த ஆய்வாளர்கள் இதைத் தெளிவாக்கிய பிறகும் பழைய கதையே திரும்பத் திரும்ப அச்சாகிறது.

‘நிறம் வெளிறினால் ஒயின் நீர்த்தது’ என்பதும் தவறு. நெபியோலோவின் நிறம் லேசான மாணிக்கச் சிவப்பு. கிண்ணத்துக்குப் பின்னால் இருக்கும் விரல் தெரியும். துவர்ப்போ நாக்கைப் பிடித்து இழுக்கும். அந்தத் துவர்ப்பு அடங்கத்தான் பரோலோவை 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில், பக்குவப்படுத்தச் சட்டம் சொல்கிறது. இதை வைத்து ‘எந்த ஒயினும் பழசானால் நல்லது’ என்று முடிவுகட்டக் கூடாது. பக்கத்துச் சரிவின் டோல்செட்டோவைப் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் குடித்துவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. ‘குடும்பமே கூடி அறுவடை செய்கிறது’ என்று படம் போடுகிறார்கள். சில சிறு தோட்டங்களில் இன்றும் உண்டு. ஆனால் பழம் பறிப்பவர்களில் மிகப் பலர் வடக்கு மாசிடோனியாவிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். அவர்களில் பலரை வேலைக்கு அனுப்புவது இடைத்தரகர்கள். 2024-ல் ஆல்பா பகுதியில் இப்படிப்பட்ட தொழிலாளர்களைச் சுரண்டியதாகத் தரகர்களைப் போலீஸ் கைது செய்தது. பாட்டில் விலை ஏறியிருக்கும் அளவுக்கு அவர்கள் கூலி ஏறவில்லை. லாங்கே ஒயினைப் பற்றி எழுதுகிறவர்கள் கோட்டைகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒன்றையாவது இவர்களுக்கு ஒதுக்க வேண்டும்.