வானில் ஒரு வகுப்பறை

நுழையும்முன்

வகுப்பறையில் எழுதிய பிழையைச் சிவப்பு மையால் திருத்திவிடலாம். தரையிலிருந்து மூவாயிரம் அடி உயரத்தில் நேரும் பிழைக்கு அத்தகைய அவகாசம் கிடைப்பதில்லை. ஆயினும், பிழை செய்யாமல் எக்கலையையும் கற்றவர் எவருமிலர். உயிருக்கு இடர் நேராமல் பிழைக்கு இடமளித்துக் கற்பிப்பது எவ்வாறு? வானூர்திப் பயிற்சியின் வரலாறு, இவ்வினாவிற்கு விடை தேடிய வரலாறாகும். அவ்விடை விமானிகளுக்கு மட்டுமே உரியதா என்பதை இப்பாடத்தின் வழியே எண்ணிப் பார்ப்போம்.

இருவர் கையில் ஒரு வானூர்தி

பயிற்சிக்குரிய சிறிய வானூர்தியில் மாணவருக்கும் பயிற்றுநருக்கும் தனித்தனியே கட்டுப்பாட்டுக் கருவிகள் உள்ளன. இருவரில் எவரும் வானூர்தியை இயக்கலாம். ஆனால், ஒரு நேரத்தில் ஒருவரே இயக்க வேண்டும். ஆகவே, மாணவர் தொடக்கத்திலேயே ஒரு சொல்வழக்கத்தைக் கற்றுக்கொள்கிறார். "கட்டுப்பாடு என்னிடம்" என்று ஒருவர் கூற, "கட்டுப்பாடு உங்களிடம்" என்று மற்றவர் மறுமொழி கூறிய பின்னரே பொறுப்பு கைமாறுகிறது. இருவரும் ஒருசேர இயக்க முயன்றால் இடர் நேரும். மற்றவர் இயக்குகிறார் என்று எண்ணி இருவருமே கைவிட்டிருந்தால் அதனினும் பெரிய இடர் நேரும்.

பயிற்றுநரின் பணியும் எளிதன்று. மாணவர் தடுமாறத் தொடங்கியவுடனே அவர் கட்டுப்பாட்டைப் பறித்துக்கொண்டால், மாணவர் தம் பிழையைத் தாமே உணரும் வாய்ப்பை இழப்பார். காலந்தாழ்த்தினால், திருத்திக்கொள்ளப் போதிய உயரம் எஞ்சியிராது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சில நொடிகளை அறிந்து செயல்படுவதே பயிற்றுநரின் திறம்.

நம் நாட்டில் 16 வயது நிறைந்தவர் உரிய தேர்வுகளிலும் மருத்துவச் சோதனையிலும் தேறினால் பயிற்சி விமானி உரிமம் பெறலாம். வணிக விமானி உரிமம் பெறுவதற்கு 18 வயது நிறைந்திருப்பதோடு, குறைந்தது 200 மணிநேரம் பறந்த பட்டறிவும் வேண்டும். ஏறத்தாழ உங்கள் வயதிலேயே தொடங்கக்கூடிய கல்வி இது.

அச்சத்தை வென்ற அறிவு

காற்றோட்டத்திற்கு எதிரே இறக்கை அளவான கோணத்தில் சாய்ந்திருக்கும்போது, வானூர்தியை மேலே தாங்கும் தூக்குவிசை கிடைக்கிறது. அக்கோணம் ஓர் எல்லையைக் கடந்தால், இறக்கையின் மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் காற்று பிரிந்து சிதறுகிறது, தூக்குவிசை குறைகிறது. பல சிறிய வானூர்திகளில் இவ்வெல்லை ஏறத்தாழ 15 பாகை ஆகும். பொறி நன்கு இயங்கிக்கொண்டிருக்கும்போதே வானூர்தி விழத் தொடங்கும். இதனை ஆங்கில வழக்கில் 'ஸ்டால்' என்பர். அந்நிலையில் ஓர் இறக்கை மற்றதைவிட மிகுதியாகத் தூக்குவிசையை இழந்தால், வானூர்தி சுழன்றுகொண்டே வீழும்.

விழும்போது மூக்கை மேலே தூக்க முயல்வது மனித இயல்பு. ஆனால், கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னோக்கி இழுக்க இழுக்க இறக்கையின் கோணம் மிகுந்து வீழ்ச்சி தொடரும். தண்டை முன்னோக்கித் தள்ளி மூக்கைத் தாழ்த்தினால்தான் காற்று மீண்டும் இறக்கையைத் தழுவும். உயிர் பிழைக்க, இயல்பூக்கத்திற்கு எதிராகக் கை இயங்க வேண்டும். அதற்கே பயிற்சி தேவைப்படுகிறது.

1912ஆம் ஆண்டு ஆகஸ்டு 25 அன்று இங்கிலாந்தில் வில்ஃபிரெட் பார்க் என்னும் கடற்படை அதிகாரி ஓட்டிய வானூர்தி இவ்வாறு சுழன்று வீழ்ந்தது. தண்டை இழுத்தும் பயனின்றிப் போகவே, தரையை நெருங்கிய வேளையில் அவர் சுக்கானைச் சுழற்சிக்கு எதிர்ப்புறமாகத் திருப்பினார். சுழற்சி நின்றது, அவர் உயிர் தப்பினார். தாம் செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் அவர் பிறருக்கு விளக்கிக் கூறினார். ஒருவர் தப்பிய வழி பலர் கற்கும் பாடமாயிற்று.

எனினும், அப்பாடம் பயிற்சிக் களங்களை உடனே எட்டவில்லை. முதல் உலகப்போரின்போது போதிய பயிற்சியின்றி வானேறிய இளைஞர் பலர், போர்க்களத்தைக் காணுமுன்னரே பயிற்சியில் மாண்டனர். இந்நிலையை மாற்ற முனைந்தவர் ராபர்ட் ஸ்மித்-பாரி. 1914ஆம் ஆண்டில் நேர்ந்த விபத்தில் தாமே காயமுற்றவர் அவர். 1917ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் காஸ்போர்ட் நகரில் அவர் நிறுவிய பள்ளி, மாணவர்க்கு முன்னர்ப் பயிற்றுநர்க்குக் கற்பித்தது. இடர்மிகு நிலைகளை விலக்கிவைப்பதற்கு மாறாக, போதிய உயரத்தில் அவற்றை வேண்டுமென்றே உருவாக்கி, மீளும் வழியை மாணவர் கையாலேயே செய்யப் பழக்குவது அவரது முறை. பொறியின் இரைச்சலுக்கிடையே பயிற்றுநரின் சொல் மாணவரின் செவியை அடைவதற்குப் பேச்சுக்குழாய் பயன்பட்டது. அக்குழாய் இன்றும் காஸ்போர்ட் குழாய் என்றே வழங்கப்படுகிறது.

தெரியுமா?

எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர், இசைக்கருவிகள் செய்யும் தம் தந்தையின் தொழிற்கூடத்தில் பயின்ற தொழில்நுட்பத்தைக் கொண்டு, காற்றுத்துருத்திகளால் அசையும் பயிற்சிப் பொறியை 1929ஆம் ஆண்டில் உருவாக்கினார். தரையில் அமர்ந்தவாறே பறக்கப் பழகுவதற்கு அது உதவியது. 1934ஆம் ஆண்டில் அமெரிக்கப் படை விமானிகள் அஞ்சல் கொண்டுசெல்லும் பணியில் ஈடுபட்டபோது, மோசமான வானிலையில் பலர் உயிரிழந்தனர். அதன் பின்னரே படைத்துறை லிங்கின் பொறிகளை வாங்கியது. இன்றைய பாவனைப் பொறிகளுக்கு அதுவே முன்னோடி.

ஒரு தாளின் மதிப்பு

1935ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள ரைட் ஃபீல்டு தளத்திலிருந்து, போயிங் நிறுவனத்தின் மாடல் 299 என்னும் நான்கு பொறி வானூர்தி மேலெழுந்தது. சற்று நேரத்தில் அது கீழே விழுந்து தீப்பற்றியது. பட்டறிவு மிக்க விமானிகள் இருவர் உயிரிழந்தனர். பொறிகளில் பழுதில்லை. நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் ஆடாதபடி கட்டுப்பாட்டுப் பரப்புகளை இறுக்கிவைக்கும் பூட்டு, புறப்படுமுன் விடுவிக்கப்படவில்லை. அது ஒன்றே காரணம்.

தேர்ந்த விமானியே மறந்துவிட்டார் எனில், மேலும் பயிற்சி அளிப்பதால் மட்டும் பயன் விளையுமா? படைத்துறை விமானிகள் எளியதொரு வழியைக் கண்டனர். புறப்படுமுன்னும் பறக்கும்போதும் இறங்குமுன்னும் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கும் வழக்கத்தை உருவாக்கினர். அதே வானூர்தியின் வழிவந்த பி-17 வகையில் பின்னர் 12,000க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. நேற்றுச் சேர்ந்த மாணவரும், பல்லாயிரம் மணிநேரம் பறந்த மூத்த விமானியும் இன்று அதே வகைப் பட்டியலைப் படித்த பின்னரே புறப்படுகின்றனர். 'எனக்குத் தெரியும்' என்னும் நினைப்புக்கு அங்கே இடமில்லை.

செவிமடுக்காத குரல்

பட்டியலால் தடுக்க இயலாத பிழையும் உண்டு. 1977ஆம் ஆண்டு மார்ச் 27 அன்று, ஸ்பெயின் நாட்டுக்குரிய கானரித் தீவுகளில் ஒரு விமான நிலையத்தில் குண்டு வெடித்தமையால், பல விமானங்கள் அருகிலிருந்த டெனெரிஃப் தீவுக்குத் திருப்பிவிடப்பட்டன. அங்குக் கடும்பனி சூழ்ந்தது. ஒரே ஓடுதளத்தின் ஒரு முனையில் கே.எல்.எம். நிறுவனத்தின் விமானம் புறப்படக் காத்திருந்தது. அதே தளத்தில் பான் அமெரிக்கன் நிறுவனத்தின் விமானம் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. இரண்டும் போயிங் 747 வகையைச் சேர்ந்தவை. பனியால் ஒன்றையொன்று காணவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்தோரும் இரண்டையும் காணவில்லை.

மேலெழுவதற்கான அனுமதி கிடைக்குமுன்னரே கே.எல்.எம். விமானம் ஓடத் தொடங்கியது. எதிரேயுள்ள விமானம் ஓடுதளத்தை விட்டு விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் ஐயத்தோடு வினவினார். விலகிவிட்டது என்று தலைமை விமானி உறுதியாக விடையளித்தார். பொறியாளர் மீண்டும் வற்புறுத்தவில்லை. சில நொடிகளில் இரு விமானங்களும் மோதின. 583 பேர் மாண்டனர்.

அத்தலைமை விமானி தம் நிறுவனத்தில் போயிங் 747 பயிற்சியின் தலைவராக விளங்கியவர். அருகில் அமர்ந்திருந்த துணை விமானியின் தகுதியைச் சோதித்துச் சான்றளித்தவரும் அவரே. அத்தகைய ஆசானிடம், 'ஐயா, சற்றுப் பொறுங்கள்' என்று அழுத்திக் கூற யாருக்கு எளிதில் நா எழும்?

அடுத்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்டு நகருக்கருகே மற்றொரு விமானம் எரிபொருள் தீர்ந்து வீழ்ந்தது. சக்கரப் பழுதில் தலைமை விமானியின் கவனம் முழுதும் ஆழ்ந்திருக்க, எரிபொருள் குறைவதை அறிந்த உடனிருந்தோர் அதனை அழுத்தந்திருத்தமாக எடுத்துரைக்கவில்லை. பத்துப் பேர் உயிரிழந்தனர்.

இவற்றிலிருந்து புதியதொரு பயிற்சி பிறந்தது. 1979ஆம் ஆண்டில் நாசா நடத்திய கருத்தரங்கைத் தொடர்ந்து, விமானக் குழுவினர் ஒருவரோடொருவர் ஒத்திசைந்து செயல்படும் முறை பாடமாக்கப்பட்டது. இளையவர் தம் ஐயத்தைத் தயங்காமல் தெளிவாகக் கூறவும், மூத்தவர் அதனைச் சினவாமல் செவிமடுக்கவும் அதில் பழக்கப்பட்டனர். இடித்துரைக்கும் துணைவரைப் பெறாத மன்னன், பகைவர் இல்லாதபோதும் கெடுவான் என்று திருவள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் எச்சரித்ததை இங்கு நினைவுகூரலாம்.

பிழையைச் சொல்லும் துணிவு

ஒருவர் தம் பிழையைக் கூறினால் தண்டனை கிடைக்கும் எனில், அவர் அதனை மறைப்பார். மறைக்கப்பட்ட பிழை, நாளை மற்றொருவரின் உயிரைப் பறிக்கும். இதனை உணர்ந்து, 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. விமானிகளும் வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களும் தம் பிழைகளையும், மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளையும் தாமாகவே எழுதி அனுப்பலாம். நாசா அவற்றைப் பெற்று, அனுப்பியவரின் அடையாளத்தை நீக்கி, அனைவரும் கற்கும்படி வெளியிடுகிறது. விபத்து ஆய்வின் நோக்கம் மீண்டும் விபத்து நேராமல் தடுப்பதே. எவர்மீதும் பழி சுமத்துவதன்று என்பது பன்னாட்டு வான்போக்குவரத்து விதியாகும். வேண்டுமென்றே விதியை மீறுவோர்க்கு இஃது அரணாகாது. கவனப் பிசகை ஒளிவின்றி ஒப்புக்கொள்வோர்க்கே இம்மதிப்பு உரியது.

சிறிய பயிற்சித் தளத்திலும் இதே நெறி தொடர்கிறது. ஒவ்வொரு பறப்பும் முடிந்தபின் மாணவரும் பயிற்றுநரும் அமர்ந்து நடந்தவற்றை ஆராய்கின்றனர். "எங்கே தவறினேன்?" என்று மாணவர் வினவுகிறார். "நானும் சற்று முன்னரே எச்சரித்திருக்க வேண்டும்" என்று பயிற்றுநர் கூறுவாராயின், அன்று இருவருமே கற்றவராகின்றனர்.

பின்னர் ஒருநாள், பயிற்றுநர் வானூர்தியிலிருந்து இறங்கிக் கதவைச் சாத்துகிறார். மாணவர் முதன்முறையாகத் தனியே பறக்க வேண்டும். அருகிருக்கை வெறுமையாக உள்ளது. மாணவர் பட்டியலை எடுத்து முதல் வரியிலிருந்து படிக்கிறார். பூட்டு விடுவிக்கப்பட்டதா என்று கையால் தொட்டுப் பார்க்கிறார். அனுமதியை மறுமொழியாகக் கூறி உறுதிசெய்கிறார். அச்சிறு செயல்கள் ஒவ்வொன்றின் பின்னும், முன்பு யாரோ செய்த பிழையும், அதனை மறைக்காமல் எடுத்துரைத்த யாரோ ஒருவரின் நேர்மையும் உள்ளன. ஓடுதளத்தின் ஓரத்தில் நின்று பயிற்றுநர் வானை நோக்குகிறார். சக்கரங்கள் தரையை விட்டு எழுகின்றன.

கற்பவை கற்றபின்...

1. நீங்கள் செய்த பிழையொன்றையும், அதிலிருந்து கற்றதையும் வகுப்பில் பகிர்ந்துகொள்க.
2. பள்ளி ஆய்வகத்தில் செய்முறையைத் தொடங்குமுன் சரிபார்க்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டு, ஆய்வகச் சுவரில் ஒட்டுக.

குறுவினா

1. விழும் வானூர்தியின் மூக்கைத் தாழ்த்துவது ஏன்?
2. கட்டுப்பாட்டைக் கைமாற்றும்போது இருவரும் சொல்லால் உறுதிசெய்வதன் தேவை யாது?

சிறுவினா

ஸ்மித்-பாரியின் பயிற்சி முறை, இடர்களை விலக்கிக் கற்பிக்கும் முறையினின்று வேறுபடுமாற்றை விளக்குக.

நெடுவினா

'மூத்தோரை மதிப்பதும் அவர்தம் பிழையைச் சுட்டுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.' டெனெரிஃப் விபத்தைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை ஆராய்க.